இருபது பேரில் ஏழு பேர்தான் வருகிறார்கள், என்ன செய்யலாம்?

மாலை வகுப்பு (கேள்வி)

வணக்கம். செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஊர்ப் பள்ளியிலேயே சாயங்காலம் ஆறரை மணிக்கு வகுப்பு. பெயர் கொடுத்தவர்கள் இருபது பேர். பதினெட்டு பெண்கள், இரண்டு ஆண்கள். குறைந்த வயது 38, அதிக வயது 67.

முதல் மாதம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எல்லோரும் வந்தார்கள். பாதிப் பேர் பெயர் எழுதக் கற்றுக்கொண்டார்கள். கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததை ஒரு அக்கா தெருவெல்லாம் சொன்னார். அப்புறம் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் வேலை வந்தது. ஒவ்வொருவராக நின்றார்கள். வேலை முடிந்ததும் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன், வரவில்லை. நேற்று ஏழு பேர்.

இதில் ஒரு பெரியம்மாவைப் பற்றித்தான் எனக்கு ரொம்ப வருத்தம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே வந்து முன்னால் உட்கார்ந்தவர். பலகையில் எழுதினால் எல்லோருக்கும் முன்னால் அவர் குரல்தான் வரும். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் வாய் திறக்க மாட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வரிசைக்குப் போனார், அப்புறம் நின்றுவிட்டார். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். “எனக்கு மண்டையில ஏறல கண்ணு, வயசாயிடுச்சு. என்ன விட்டுடு” என்றார்.

நான் சொல்லிக்கொடுக்கும் விதம் தப்பா? எனக்குக் கொடுத்த பயிற்சி சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போலத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் தேர்வு வேறு வரும். முன்பு இந்த வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வட்டாரத்தில் இருப்பவர்

நான் ஆசிரியர் பயிற்றுநர். எங்கள் ஒன்றியத்தில் இந்த மையங்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்புகளில் ஒன்று. முதலில் தேர்வுப் பயத்தை விடுங்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்றுக்கும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 150 மதிப்பெண். தேறாதவர்களுக்கு ‘தோல்வி’ என்று போடுவதில்லை, ‘முன்னேற்றம் தேவை’ என்றுதான் வரும். அடுத்த முறை எழுதலாம். இதை வகுப்பில் உரக்கச் சொல்லுங்கள். தேர்வு என்ற சொல்லைக் கேட்டே நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் திட்டத்தில் தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது. அதனாலேயே ‘ஏன் வரவில்லை’ என்று படிக்க வருகிறவர்களை அதட்டவும் எங்களுக்கு உரிமை இல்லை, உங்களை அதட்டவும் இல்லை. வருகைக் கணக்குக்காகப் பொய்யாக எதையும் எழுதாதீர்கள். ஏழு பேர் என்றால் ஏழு என்றே எழுதுங்கள். மற்றதை அனுபவமுள்ளவர்கள் சொல்லட்டும்.

பழைய அறிவொளி

உங்கள் பதிவில் ஒரு வரி என்னை அப்படியே நிறுத்திவிட்டது. பலகையில் எழுதினால் அந்தப் பெரியம்மா முதலில் படிக்கிறார், புத்தகத்தைக் கொடுத்தால் வாய் திறப்பதில்லை என்கிறீர்கள். மண்டையில் ஏறாதவருக்குப் பலகையில் மட்டும் எப்படி ஏறும்? அது வெள்ளெழுத்து, அம்மா. நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கும், தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும். படித்தவனுக்கு அது வந்தால் செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடிப்பான், ஒரு மாதத்தில் கண்ணாடி வாங்கிவிடுவான். வாழ்க்கையில் எழுத்தையே கிட்டத்தில் பார்த்திராதவருக்குத் தன் கண் மங்கியிருப்பது எப்படித் தெரியும்? எல்லோருக்கும் தெரிகிற எழுத்து நமக்கு மட்டும் விளங்கவில்லை, அப்போது நமக்குத்தான் அறிவு இல்லை என்று முடிவு கட்டிக்கொள்வார்.

இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

1991. புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் தொடங்கிய வருடம். கேரளத்தின் எர்ணாகுளம் 1990-ல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தச் சூட்டில் இங்கேயும் பற்றிக்கொண்டது. ஷீலா ராணி சுங்கத் அப்போது எங்கள் கலெக்டர். ஒருங்கிணைப்பாளர்களில் கண்ணம்மாள் என்பவர் இருந்தார், அவர் பெயரைச் சொன்னால் இன்றும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு முகம் மலரும். கலைக்குழு வந்து தெருவில் நாடகம் போடும், பாட்டுப் பாடும், மறுநாள் வகுப்புக்கு ஆள் சேரும். பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அப்போதுதான். பெண்கள் ஓட்டுகிற சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதுவே நல்லது என்றும் சொன்னார்கள். இதெல்லாம் வெளியே தெரிந்த கதை.

எனக்கு அப்போது இருபது வயது. குடுமியான்மலைப் பக்கம் கல் உடைக்கிறவர்கள் இருந்த ஒரு தெருவில் வகுப்பு எடுத்தேன். இருபத்திரண்டு பேர், ஒரு அரிக்கேன் விளக்கு. அங்கே ஒரு ஆத்தா. உங்கள் பெரியம்மா மாதிரியேதான். பேச்சில் நெருப்பு, பாட்டில் முதல் குரல், புத்தகத்தைத் திறந்தால் ஊமை. புத்தகத்தைக் கையை நீட்டி எட்டப் பிடிப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? “கிட்ட வச்சுப் பாருங்க ஆத்தா, அப்பத்தான தெரியும்” என்று அவர் கையைப் பிடித்து முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்தேன். பத்துப் பேருக்கு முன்னால். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த வழியாகப் போனபோது வாசலில் உட்கார்ந்து பழைய சேலைகளை ஒன்றாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். தெருவில் ஓடிய பையனைக் கூப்பிட்டு, “டேய், இந்த ஊசியில நூலக் கோத்துக் குடுத்துட்டுப் போடா” என்றார். பையன் கோத்துக் கொடுத்துவிட்டு ஓடினான். அந்த ஊசியைப் பார்த்தபடி நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் என் அப்பாவின் கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு பக்கக் காம்பில் நூல் சுற்றியிருக்கும். ஆத்தா அதைப் போட்டுக்கொண்டார். புத்தகத்தை நீட்டினேன். அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ரேகை எது வெடிப்பு எது என்று தெரியாத கை, வெடிப்புக்குள் கல் தூசி வெள்ளையாக அடைந்திருக்கும். “இம்புட்டு வெடிப்பாவா இருக்கு என் கையி?” என்று கேட்டார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் புத்தகத்தை வாங்கி, விரலை வைத்து, “ப... ட்... டா... பட்டா” என்று படித்தார்.

எங்கள் புத்தகத்தில் அதுதான் முதல் சொல். அ, ஆ என்று தொடங்கவில்லை. பட்டா யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை, ஏன் இல்லை என்று அரை மணி நேரம் சண்டையே நடக்கும், அப்புறம்தான் எழுத்து. அதில் ஒரு வசதியும் இருந்தது. மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கமாக ஒரு கோடு, அது ட. இன்னொரு கோட்டை மேலே ஏற்றினால் ப. இந்த இரண்டிலும் வளைவே இல்லை. அ எழுத எத்தனை வளைவு என்று நீங்களே எழுதிப் பாருங்கள், சம்மட்டி பிடித்த கைக்கு முதல் நாளே அதைக் கொடுப்பது பாவம்.

இன்னொன்று. கோலம் போடுகிற கைதானே, எழுத்துச் சுலபமாக வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் வரவில்லை. கோல மாவு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து உதிர்கிறது, கை தரையைத் தொடுவதே இல்லை. பென்சிலுக்கு அழுத்தம் வேண்டும், தாளில் கை ஊன்ற வேண்டும். எங்கள் வகுப்பில் முதல் வாரம் பென்சில் முனைகள் படபடவென்று ஒடிந்தன. துணியைச் சுற்றிப் பென்சிலைத் தடிமனாக்கிக் கொடுத்தேன். அது உதவியது.

இப்போது உங்களுக்கு. வராத பதிமூன்று பேரின் வீட்டுக்கும் போங்கள். ‘கண் தெரிகிறதா’ என்று கேட்காதீர்கள், நன்றாகத் தெரிகிறது என்றுதான் பதில் வரும். தூரத்தில் நிற்கிற மாடு தெரிகிறதே! ‘உங்கள் வீட்டில் ஊசிக்கு நூல் கோப்பது யார்’ என்று கேளுங்கள். அரிசியில் கல் பொறுக்குவது யார் என்று கேளுங்கள். மகள், பேரன் என்று பதில் வந்தால் அவருக்குக் கண்ணாடி வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் பரிசோதகர் வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, நீங்களே கூட்டிப் போங்கள். வகுப்பில் விளக்கையும் பாருங்கள். வெளிச்சம் குறைந்தால் வெள்ளெழுத்துக்காரருக்குப் பாதி எழுத்து போய்விடும்.

அந்த ஆத்தா கதையின் மீதியையும் சொல்ல வேண்டும். 1992-ல் புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார்கள். பெரிய விழா. அடுத்த வருடம் நான் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டேன். என் தெருவில் வகுப்பு நின்றது. நான்கு வருடம் கழித்து வந்தபோது ஆத்தா ஒரு தாளில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார், ஊசி கோக்க. “மறந்துட்டீங்களா ஆத்தா?” என்றேன். “படிக்க இங்க என்ன தம்பி இருக்கு?” என்றார். முப்பது வருடமாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. எழுத்தைக் கொடுத்தோம், எழுத்து வேண்டியிருக்கிற ஒரு நாளை அவருக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் தேர்வோடு நிறுத்திவிடாதீர்கள்.

குழு ஊக்குநர், தருமபுரி

நான் டீச்சர் இல்லை. 47 வயதில் படித்தவள். இதை நானே போனில் தட்டுகிறேன், நேரம் ஆகும், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாவட்டத்தில்தான் 1989-ல் மகளிர் குழு முதலில் ஆரம்பித்தார்கள். நான் சேர்ந்தது ரொம்பப் பின்னால். தீர்மான நோட்டில் யாரோ எழுதுவார்கள், நாங்கள் வரிசையாகக் கைநாட்டு வைப்போம். ஒரு தடவை என் பேரில் நான் வாங்காத கடன் இருந்தது. நான் கட்டினேன். யார் என்று இங்கே சொல்லவில்லை, அது முடிந்துவிட்டது. ஆனால் அன்றைக்குத்தான் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பாப்பா, ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் வகுப்பு வைக்காதே. அந்தப் பெஞ்சு எங்கள் முழங்காலுக்கு ஆகாது. அதோடு எங்கள் பேரப்பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்ப்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த பொண்ணு ராத்திரி எட்டரைக்கு, சோறாக்கி முடித்த அப்புறம், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தாள். ஆறரை மணி யாருக்கு ஓய்வு? உலை வைக்கிற நேரம் அது.

இரண்டாவது, போன். நான் தமிழ் படித்து முடித்தேன், பேங்கிலிருந்து வருகிற மெசேஜ் இங்கிலீஷில் இருந்தது. அழுகை வந்துவிட்டது. அந்தப் பொண்ணு ஒரு வேலை செய்தாள். பணத்தோடு வருகிற சொல் ‘டி’ எழுத்தில் ஆரம்பித்தால் பணம் போயிருக்கிறது, ‘சி’ எழுத்தில் ஆரம்பித்தால் பணம் வந்திருக்கிறது, அப்புறம் எண்ணைப் பார் என்றாள். இரண்டே எழுத்து. இன்றைக்கு எங்கள் குழுவில் பன்னிரண்டு பேருக்கும் அது தெரியும்.

மூன்றாவது, அறிவொளி அண்ணன் சொன்னதற்கு. படிக்க எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை என்று நானும் நினைத்தேன். ஆணியில் மாட்டி வைத்திருந்தது இருபது கல்யாணப் பத்திரிகை. பெரிய எழுத்து. எல்லாம் தெரிந்த பெயர். மாப்பிள்ளை பேர் இதுதான் என்று தெரிந்திருக்கிறபோது எழுத்து தானாக விளங்குகிறது. நான் முதலில் முழுசாகப் படித்தது என் நாத்தனார் மகன் பத்திரிகை. அதைக் கொண்டுவரச் சொல்லு.

மாலை வகுப்பு

மூன்று பேருக்கும் நன்றி. அறிவொளி ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா உடனே, “எனக்கும் நீதானடி ஊசி கோத்துத் தர்ற” என்றார். பத்து வருடமாகக் கோத்துக் கொடுத்திருக்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. நாளைக்கே கிளம்புகிறேன்.

மாலை வகுப்பு (மூன்று வாரம் கழித்து)

என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பதிமூன்று வீட்டுக்கும் போனேன். ஒன்பது வீட்டில் ஊசி கோப்பது வேறு யாரோ. இருவர் மகன் வீட்டுக்கு பெங்களூரு போய்விட்டார்கள். ஒரு அக்காவின் வீட்டுக்காரர் வாசலிலேயே “அதெல்லாம் வேணாம்” என்று அனுப்பிவிட்டார், அவரிடம் இன்னும் எனக்குப் பேசத் தெரியவில்லை. மீதி ஒருவருக்கு வேலையே ராத்திரியில்தான்.

ஒன்பது பேரையும் அம்மாவையும் சேர்த்து ஷேர் ஆட்டோவில் இரண்டு நடையாகக் கூட்டிப்போனேன். எட்டுப் பேருக்குக் கிட்டத்தில் படிப்பதற்கான கண்ணாடி. ஒருவருக்குக் கண்புரை, அறுவைச் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவர் வகுப்புக்கு அதற்குப் பிறகுதான். அம்மாவுக்கும் கண்ணாடி வந்தது.

வகுப்பை எட்டரைக்கு மாற்றி எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டேன். வட்டாரத்தில் கேட்டேன், தடை இல்லை என்றார்கள். நேற்று பதினான்கு பேர்.

பெரியம்மா வந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, போட்டு, மறுபடி கழற்றித் துடைத்து, ஒரு பத்து நிமிடம் அதுவே. எல்லோரையும் வீட்டிலிருக்கும் பத்திரிகைகளை எடுத்து வரச் சொல்லியிருந்தேன். அவர் கொண்டுவந்தது போன தையில் நடந்த அவருடைய கொழுந்தனார் மகன் கல்யாணப் பத்திரிகை. விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். தாத்தா பேர், கொழுந்தனார் பேர், பங்காளிகள் பேர், கடைசியில் ‘சுற்றமும் நட்பும்’ வரை. அப்புறம் மறுபடி மேலே போனார். மறுபடி கீழே வந்தார்.

“என்ன பெரியம்மா தேடுறீங்க?”

“எம் பேரு எங்க கண்ணு? அந்தப் புள்ளைய வளத்தது நான்தான.”

பத்திரிகையில் அவர் பெயர் இல்லை. அவர் வீட்டுக்காரர் பெயர் மட்டும் இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த இரண்டு பேர் தங்கள் பத்திரிகைகளை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

வைகாசியில் அவருடைய பேத்திக்குக் காதுகுத்து. பத்திரிகையில் தன் பெயர் வர வேண்டும் என்று மகனிடம் சொல்லிவிட்டார். வாசகத்தையும் தானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். ‘காதணி’ வந்துவிட்டது. ‘விழா’வில் ‘ழா’ இன்னும் வரவில்லை, ‘ம’ மாதிரி தொடங்கிக் கீழே சுழிக்கும்போது கை நின்றுவிடுகிறது.

பழைய அறிவொளி

ழ-வைக் கடைசிக்கு வைத்துவிடாதீர்கள், ஒரு நாளைக்கு நான்கு தடவை போதும். பெரிய சதுரக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்கிக் கொடுங்கள், சுழி ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். பத்திரிகை அச்சானதும் உங்களுக்குத் தோன்றினால் இங்கே ஒரு வரி எழுதுங்கள். அவர் பெயரை எழுத வேண்டாம், வந்துவிட்டது என்று மட்டும்.